காட்டர் பின்னும் ஐந்து மில்லி அலன் கீயும்

அப்பா துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார் என்று சொன்னால், வெளியூர் நண்பர்கள் முதலில் கேட்பது "வீட்டில் துப்பாக்கி உண்டா?" என்றுதான். கிடையாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம், செய்வதும் குற்றம். தொழிற்சாலைக்குள் என்ன நடக்கிறது என்று அப்பா வீட்டில் பேசியதும் இல்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் கழற்றப்பட்டதும் பூட்டப்பட்டதும் சைக்கிள்.

திருச்சிக்கு வெளியே நவல்பட்டுப் பக்கம் 1966ல் தொடங்கிய தொழிற்சாலை அது. மத்திய அரசின் நேரடித் துறையாக இருந்த அது 2021 முதல் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அப்பா ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு அங்கே போனவர். ஃபிட்டர் படிப்பில் முதல் பாடமே அரம் பிடிப்பதுதான். ஒரு இரும்புக் கட்டையை வைஸில் இறுக்கி, நாலு பக்கமும் சதுரமாகிற வரை ராவ வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கீற்று வெளிச்சம்கூட ஊடுருவக் கூடாது. மாணவர்கள் மாதக்கணக்கில் அந்த ஒரே கட்டையோடு மல்லுக்கட்டுவார்கள். கையில் எந்தக் கருவியை எடுத்தாலும் அது தொடும் பரப்பை முதலில் கண்ணால் படிக்கிற பழக்கம் அப்பாவுக்கு அங்கேதான் வந்திருக்க வேண்டும்.

அப்போது புதுச் சைக்கிளை யாரும் வீட்டில் பூட்டியதில்லை. கடைக்குப் பாகம் பாகமாக வரும். பிரேம் தனி, போர்க்கு தனி, ரிம் தனி, போக்ஸ் கம்பி கட்டுக்கட்டாகத் தனி. பணம் கட்டிவிட்டு, கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கடைக்காரர் கம்பி கோத்துக் கோட்டம் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்து ஓட்டிக்கொண்டு வருவார்கள். ஆனால் வாங்கிய பிறகு அதை வருஷத்துக்கு ஒருமுறை முழுக்கக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்துப் பூட்டுவது பல வீடுகளில் நடந்தது. ஓவராயில் என்று அதற்குப் பெயர். அதனால் எந்த வீட்டிலும் பரணிலோ கட்டிலடியிலோ ஒரு தகர டப்பாவில் நாலு ஸ்பானரும் ஒரு சுத்தியலும் கிடக்கும். இன்றைக்கு எல்லாம் தலைகீழ். சைக்கிள் அட்டைப்பெட்டியில் நேராக வீட்டுக்கே வருகிறது. பூட்டிக்கொள்ள வேண்டியது வாங்கியவர் பொறுப்பு. அந்த வீட்டில் ஒரு ஸ்பானர்கூட இல்லை. வீடு பட்டறையாக வேண்டிய நாள் வந்தபோது கருவிகள் வீட்டை விட்டுப் போயிருந்தன. இது என்னை உண்மையாகவே வருத்துகிறது. கருவியைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

அப்பா ஸ்பானர் வாங்க பெரிய கடைவீதிக்குப் போகும்போது என்னையும் அழைத்துப் போவார். பட்டியல் எதுவும் எடுத்துப்போக மாட்டார். சட்டைப்பையில் நட்டு இருக்கும். எந்த நட்டுக்கு ஸ்பானர் வேண்டுமோ அந்த நட்டு. "நம்பரப் பாத்து வாங்காதடா. நட்டப் போட்டுப் பாத்து வாங்கு" என்பார். அதற்குக் காரணம் உண்டு. அன்றைய கடைகளில் மூன்று வகை அளவுகள் கலந்து தொங்கும். மில்லிமீட்டர் ஒன்று. நட்டின் அகலத்தை அங்குலத்தில் சொல்வது ஒன்று. மூன்றாவது, டபிள்யூ என்ற எழுத்தோடு வரும் விட்வொர்த் அளவு. இந்த மூன்றாவதில் ஸ்பானரின் மேல் பொறித்திருக்கும் எண் வாயின் அகலமே கிடையாது. அது பிடிக்கும் போல்ட்டின் விட்டம். கால் அங்குலம் என்று எழுதிய ஸ்பானரின் வாய் அரை அங்குலத்தைத் தாண்டி நிற்கும். தெரியாதவர் எண்ணை நம்பி வாங்கிப் போனால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். மழுங்கிய நட்டைப் பிறகு எந்த ஸ்பானரும் பிடிக்காது.

ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1841ல் முன்வைத்த மரை அளவு அது. அதற்குமுன் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. மரையின் கோணம் 55 டிகிரி, இந்த விட்டத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று விட்வொர்த் கட்டிப்போட்டார். பின்னால் 1850களில் அதே மனிதர் அறுகோணக் குழல் கொண்ட ஒரு துப்பாக்கியையும் வடிவமைத்தார். 1860ல் விம்பிள்டனில் நடந்த தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா மகாராணி அந்தத் துப்பாக்கியைச் சுட்டுத்தான் தொடங்கி வைத்தார். எங்கள் வீட்டுத் தகர டப்பாவில் கிடந்த ஸ்பானருக்கும் அந்தக் குழலுக்கும் ஒரே மனிதர் அளவு வகுத்தார் என்பது இன்றும் எனக்கு வியப்புத்தான்.

கடையில் அப்பா செய்யும் சோதனைகள் இவை. முதலில் நட்டைக் கவுண்டர் மேல் வைத்து ஸ்பானரை மாட்டி ஆட்டிப் பார்ப்பார். ஆட்டம் இருந்தால் அடுத்தது. பிறகு ஸ்பானரின் இரண்டு உதடுகளும் இணையாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். மூன்றாவது, முலாம். பளபளவென்று கனத்த முலாம் பூசியிருந்தால் சந்தேகப்படுவார். முலாம் உரியும்போது வாயின் அளவே மாறிவிடும் என்பது அவர் கட்சி. தகட்டில் அச்சடித்து வெட்டிய ஸ்பானரைத் தொடவே மாட்டார். பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்கியதுதான் வேண்டும். ஜலந்தரிலும் லூதியானாவிலும் இருந்து வந்தவற்றில் நல்லவையும் உண்டு, மட்டமானவையும் உண்டு. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்காமல் ஊர்ப்பெயரை மட்டும் வைத்து அவர் எதையும் முடிவு செய்ததில்லை. கடைக்காரர் பொறுமையாகக் காத்திருப்பார். ஒரு ஸ்பானர் விற்பதற்கு அவ்வளவு நேரம் நிற்கிற கடைக்காரர்கள் அன்று இருந்தார்கள்.

ஸ்க்ரூ ஸ்பானரை அவர் அவசரத்துக்கு மட்டும் வைத்திருந்தார். எல்லா நட்டுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்பார்கள். எதற்கும் முழுசாகப் பொருந்தாது. வேறு வழியில்லாமல் எடுத்தால், இழுக்கும் விசை நகராத உதட்டின் மேல் விழும்படி மாட்டச் சொல்வார். எதிர்ப்பக்கமாக மாட்டினால் நகரும் உதடு விரிந்துகொடுக்கும், நட்டு மழுங்கும். கட்டிங் பிளேயரால் நட்டைத் திருகுகிறவரைப் பார்த்தால் அப்பாவின் முகமே மாறிவிடும்.

திருப்புளி விஷயத்தில்தான் துப்பாக்கிப் பட்டறையின் சாயல் வீட்டுக்குள் தெரிந்தது. கடையில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பு வடிவத்தில் சரியும். திருகாணியின் வெட்டுக்குள் அது மேல்விளிம்பில் மட்டும் தொடும். அழுத்தித் திருப்பினால் வழுக்கி மேலே ஏறி விளிம்பைப் பிய்க்கும். துப்பாக்கி வேலைக்காரர்கள் உலகமெங்கும் நுனியின் இரண்டு முகங்களையும் இணையாகச் சாணை பிடித்து, வெட்டின் அடிவரை நிரம்பும்படி வைத்துக்கொள்வார்கள். விலையுயர்ந்த துப்பாக்கியில் திருகாணித் தலை பிய்ந்திருந்தால் அதன் மதிப்பே இறங்கிவிடும் என்பதால் வந்த வழக்கம். அப்பா சைக்கிள் மணியின் திருகாணிக்கும் அதே முறையில் சாணை பிடித்த திருப்புளியைத்தான் எடுப்பார். எங்கள் சைக்கிளில் பிய்ந்த தலை ஒன்றுகூட இருந்ததில்லை.

ஆனால் சைக்கிளில் அப்பாவின் முழுக் கவனத்தையும் வாங்கியது காட்டர் பின். இன்றைய இளைஞர்கள் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பெடல் கையை நடு ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் ஒரு சிறு இரும்பு முளை அது. ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாக்கப்பட்டிருக்கும். மறுமுனையில் மரையும் நட்டும். ஆக்சிலில் உள்ள பள்ளத்தில் அந்தச் சரிந்த முகம் அணைந்து நிற்க வேண்டும். முளை உள்ளே போய் இறுகுவது சுத்தியல் அடியால்தான். நட்டு அது நழுவாமல் காவல் காக்கிறது, அவ்வளவுதான். பலர் நட்டைத் திருகியே முளையை இழுத்துவிடப் பார்ப்பார்கள். மரை பிய்ந்து கையில் வரும்.

புதுக் காட்டர் பின் அப்படியே பொருந்தாது. அதன் முகத்தை ராவ வேண்டும். அப்பா அதை வைஸில் பிடித்து, நுண் அரத்தால் நீளமாக, ஒரே திசையில் ராவுவார். பிறகு ஆக்சிலில் செருகி, வெளியே எடுத்து, எந்த இடத்தில் இரும்பு பளிச்சென்று தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். தேய்ந்த தடம் ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தால் முகம் சரியாக அணையவில்லை. அந்த ஓரத்தை மட்டும் மறுபடி ராவுவார். தடம் முகம் முழுக்கப் பரவும்வரை இது நடக்கும். இரண்டு பக்கப் பின்களையும் ஒரே அளவுக்கு ராவ வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பெடல்களும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. மிதிக்கிறவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது. முழங்கால் மட்டும் வலிக்கும். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும் என்பது அடுத்தது.

அடிக்கிற முறை இன்னும் முக்கியம். பெடல் கைக்கு அடியில் ஒரு துண்டு இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்துவார். பின்னின் முனை குழாயின் வாய்க்குள் இறங்கும். அந்த முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் பேரிங் பால்ஸின் மேல் இறங்கி, கப்பில் குழி விழும். கழற்றும்போது நட்டை முழுக்க எடுக்காமல், மரையின் முனைக்குச் சமமாக நிறுத்திவிட்டு, பித்தளைத் துண்டை இடையில் வைத்து ஒரே அடி. சின்னச் சின்னதாகத் தட்டினால் முனை காளானாகும், பின் வராது. "தயங்கித் தயங்கித் தட்டாதே. ஒண்ணு, அதுக்கு மேல வேண்டாம்" என்பார். கனமான சுத்தியலை அவர் வாங்கி வைத்திருந்தது அந்த ஒரே அடிக்காகத்தான். அந்த முட்டுக் குழாய் எந்தக் கடையிலும் விற்பதில்லை. வீடு கட்டிய இடத்தில் மிஞ்சிய துண்டு. கருவிப் பெட்டியில் அதற்கும் ஒரு இடம் இருந்தது. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனப் பொட்டு விழும்.

கோன் ஸ்பானர், நிப்பிள் கீ, நடுக் கப்பின் வளையத்தைத் திருகும் கொக்கி ஸ்பானர் ஆகியவை மெலிந்த கருவிகள். கொக்கி ஸ்பானரை அப்பா கடையில் வாங்கவில்லை. பட்டை இரும்பை ராவித் தானே செய்துகொண்டார். அதில்லாத வீடுகளில் உளியையும் சுத்தியலையும் வைத்து அந்த வளையத்தைத் தட்டித் தட்டித் திருப்புவார்கள். அப்படித் தட்டுப்பட்ட வளையங்களின் காயத்தை எந்தப் பழைய சைக்கிளிலும் பார்க்கலாம். சக்கரத்தின் பால்ஸை அணைத்துப் பிடிக்கும் கோனை இறுக்கிய பிறகு சக்கரத்தைத் தூக்கி மெல்லச் சுற்றிவிடுவார். வால்வு இருக்கும் பக்கம் கொஞ்சம் கனம் கூடுதல். சக்கரம் நிற்கும் தறுவாயில் வால்வு கீழே வந்து, இப்படியும் அப்படியும் ஊசலாடி, பிறகு அடங்க வேண்டும். ஊசலாடாமல் சட்டென்று நின்றால் கோன் இறுக்கம். பக்கவாட்டில் ஆட்டினால் 'டொக்' என்றால் தளர்ச்சி. இதற்கு எந்த மீட்டரும் தேவைப்படவில்லை.

துப்பாக்கிக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு எங்கள் வீட்டோடு முடிகிற தற்செயல் அல்ல என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பர்மிங்ஹாம் நகரின் துப்பாக்கித் தொழிலாளர்கள் 1861ல் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் பி.எஸ்.ஏ. அந்த எழுத்துகளின் விரிவே பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள் அதன் சின்னம். ராணுவத்தின் கொள்முதல் குறைந்த காலங்களில் அந்த இயந்திரங்கள் சும்மா கிடக்காமல் சைக்கிள் செய்தன. அமெரிக்காவில் 1878ல் ஆல்பர்ட் போப் தன் சைக்கிளைச் செய்யக் கொடுத்தது ஹார்ட்ஃபோர்டில் இருந்த ஒரு தையல் இயந்திரத் தொழிற்சாலையிடம். அது இயங்கிய கட்டடம் முன்பு ஷார்ப்ஸ் துப்பாக்கி நிறுவனத்துடையது. ஆஸ்திரியாவின் ஸ்டெயர், பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டால், பிரான்சின் செந்த்-எத்தியென் என்று துப்பாக்கிக்குப் பேர்போன ஊர்கள் எல்லாம் சைக்கிளுக்கும் பேர்போனவை. நம் பக்கம் 1949ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸோடு பி.எஸ்.ஏ. பெயரிலும் சைக்கிள் செய்தது.

இந்த உறவின் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 1785ல் பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஒரு பிரெஞ்சு ஆயுதக் கைவினைஞரின் பட்டறைக்குப் போனார். துப்பாக்கியின் விசைப் பூட்டுகள் 50 உண்டாகும்படி உதிரிப் பாகங்களைப் பிரித்து அடுக்கி வைத்திருந்தார் அந்தக் கைவினைஞர். ஜெஃபர்சன் கைக்கு வந்த பாகங்களை எடுத்துத் தானே பூட்டிப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். அதுவரை ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் ஏற வேண்டுமானால் அரத்தை எடுத்தாக வேண்டும். அன்று அந்தப் பட்டறையில் அரம் தேவைப்படவில்லை. அதன்பின் ஆயுதப் பட்டறைகள் அளவுமானிகளையும் துருவல் இயந்திரங்களையும் பல பத்தாண்டுகள் செம்மைப்படுத்திய பிறகுதான், பாகங்களை ராவிப் பொருத்துகிற வேலை வெறும் பூட்டுகிற வேலையாக மாறியது. அந்த மாற்றம் தையல் இயந்திரத்துக்குப் போய், அங்கிருந்து சைக்கிளுக்கு வந்தது. அப்பாவின் ரோட்ஸ்டர் சைக்கிளில் அரம் தேவைப்பட்ட கடைசி இடம் காட்டர் பின். அவர் அதை அவ்வளவு நேசித்ததன் காரணம் எனக்கு இப்போது புரிகிறது. ஃபிட்டராகப் படித்தவருக்கு அந்த இரண்டு முளைகளில்தான் தன் தொழில் மிச்சமிருந்தது.

இனி இன்றைக்கு வருகிறேன். சென்னையில் தங்கை வீட்டுக்கு அவள் மகளுக்கான சைக்கிள் அட்டைப்பெட்டியில் வந்தது. கியர், டிஸ்க் பிரேக் எல்லாம் உண்டு. '85 சதவீதம் பூட்டியது' என்று பெட்டிமேல் அச்சடித்திருந்தார்கள். மீதி 15 சதவீதத்தில்தான் உயிர் போகிற இடங்கள் எல்லாம் இருக்கின்றன: ஹேண்டில் பார், முன் சக்கரம், முன் பிரேக், பெடல், சீட். உள்ளே ஒரு சிறு பாலிதீன் பையில் மூன்று அலன் கீயும், தகட்டில் வெட்டிய ஒரு பல்வாய் ஸ்பானரும் இருந்தன. தங்கை மகள், "மாமா, இது போதுமில்ல?" என்றாள். அலன் கீயைத் திருகாணியில் விட்டு ஆட்டிக் காட்டினேன். ஆடியது. அவளுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

அன்றே இருவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது, 46 துண்டுகள் அடங்கிய பிளாஸ்டிக் பெட்டி. அதில் சைக்கிளுக்கு வேண்டியவை நாலைந்து இருக்கலாம். மற்றவை பெட்டியை நிரப்ப வந்தவை. இந்த மாதிரிப் பெட்டிகளை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ஒரே ஒரு நல்ல கருவியின் விலையை நாற்பது துண்டுகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றின் இரும்பும் எப்படி இருக்கும்? அப்பா நட்டைச் சட்டைப்பையில் போட்டுப் போனார். நாங்கள் ஹேண்டில் பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் திருகாணி ஒன்றைக் கழற்றி எடுத்துப் போயிருந்தோம். 4, 5, 6 மில்லி அலன் கீக்களை, நீண்ட கை உள்ளவையாக, தனித்தனியாகப் போட்டுப் பார்த்து எடுத்தோம். பெடலுக்கு 15 மில்லி ஸ்பானர், நீளமான கைப்பிடியோடு. டிஸ்க்கின் திருகாணிக்கு ஆறு முனை நட்சத்திர வாயுள்ள டி-25. கியரின் எல்லைத் திருகாணிகளுக்குச் சரியான கூட்டல்குறித் திருப்புளி ஒன்று. இந்த இடத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். சாதாரண பிலிப்ஸ் திருப்புளியும் ஜப்பானிய அளவுத் திருப்புளியும் பார்வைக்கு ஒன்றுதான். ஜப்பானியத் திருகாணியில் பிலிப்ஸ் நுனி அடிவரை இறங்காது. அழுத்தினால் மேலே ஏறி வந்து தலையைக் குதறும். அப்பாவின் சாணை பிடித்த திருப்புளி எதற்காக இருந்ததோ அதே பிரச்சினை, வேறு வடிவத்தில்.

கடைசியாக, வைத்த அளவு இறுக்கம் வந்ததும் 'க்ளிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்ச். விலை கூடுதல்தான். ஆனால் இன்றைய சைக்கிளுக்கு இது ஆடம்பரம் இல்லை. ஸ்டெம்மில் 5 நியூட்டன் மீட்டர் என்று பொறித்தே அனுப்புகிறார்கள். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள சாவியின் முனையில் ஐந்து கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு விசையோ ஏறக்குறைய அவ்வளவு. அலுமினியத்தின் மெல்லிய சுவர் அதற்கு மேல் தாங்காது. கார்பன் என்றால் வெளியே தெரியாமலே உள்ளே விரிசல் விழும். பெடலுக்கோ 35 முதல் 40 வரை போக வேண்டும். இந்த இரண்டு இறுக்கத்தையும் ஒரே மணிக்கட்டு ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது தவறு. பழைய ஆட்கள் கையாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் கை அறிந்தது கனத்த எஃகுக் குழாயை. எஃகு பிழை பொறுக்கும். அளவுமானிகளின் நடுவே வாழ்ந்த அப்பா இந்த ரெஞ்சைப் பார்த்திருந்தால் இரண்டு வாங்கியிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும், ஸ்டெம்மின் முகப்புத் தகட்டில் உள்ள நாலு திருகாணிகளையும் அவளையே குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வைத்தேன். மேலேயும் கீழேயும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று அவளே குனிந்து பார்த்தாள். ரெஞ்ச் 'க்ளிக்' என்றதும் கையை எடுத்துவிட்டாள். பெடலுக்கு வந்தபோது இடது பெடலின் மரை எதிர்த்திசை என்பதைச் சொன்னேன். மிதிக்க மிதிக்கப் பெடலின் தண்டு தன் குழிக்குள் உருண்டு தானாகக் கழன்றுகொள்ளப் பார்க்கும். அந்த இயக்கம் கழற்றாமல் இறுக்கவே செய்ய வேண்டும் என்பதற்காக இடது பக்கம் மட்டும் மரையை மாற்றி வெட்டுகிறார்கள். ரைட் சகோதரர்கள் விமானத்துக்கு முன்னால் டேட்டனில் சைக்கிள் கடை நடத்திய நாட்களிலேயே இது புழக்கத்துக்கு வந்துவிட்டது. பெடலில் எல், ஆர் என்று எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் மாற்றித் திருகி, அலுமினியக் கையின் மரையையே அழித்துக்கொண்டவர்கள் ஏராளம்.

போர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பிப் பூட்டி ஓட்டுகிற சைக்கிள்களையும் தெருவில் பார்க்கிறேன். பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டிவிடுகிறார்கள். ரிம் பிரேக் என்றால் முன்புறம் இருக்க வேண்டியது பின்புறம் இருக்கும், வண்டி தள்ளாடும். சட்டென்று கழற்றும் சக்கர நெம்பை ஒரு நட்டைப் போலச் சுற்றிச் சுற்றி இறுக்குகிறவர்களும் உண்டு. அது சுற்றுவதற்கானது அல்ல, மடக்குவதற்கானது; மடக்கும்போது உள்ளங்கையில் தடம் பதிகிற அளவு எதிர்ப்பு இருக்க வேண்டும். இதைப் பெட்டிக்குள் வரும் தாளில் ஒரு மூலையில் எறும்பெழுத்தில் போடுகிறார்கள். குழந்தைகள் ஏறுகிற வண்டி இது. பூட்டுகிற பொறுப்பை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள், அதோடு பொருந்துகிற சாவியையும், தாய்மொழியில் நாலு பக்கத் தெளிவான விளக்கத்தையும் அனுப்பக் கடமைப்பட்டவர்கள் என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவில் துப்பாக்கியையே உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டு மேசையில் பூட்டுவது பலருக்குப் பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்கு எனக்கு உவப்பில்லை. வீட்டுக்குள் துப்பாக்கி கிடப்பதை அப்பாவும் விரும்பியிருக்க மாட்டார். ஆனால் அவர்கள் பரிந்துரைக்கும் கருவிகளின் பெயர்களைக் கேட்டால் எங்கள் முற்றம் நினைவுக்கு வருகிறது: இணையாகச் சாணை பிடித்த திருப்புளி, பித்தளைச் சுத்தியல், முளை தட்டும் கம்பி, டார்க் ரெஞ்ச். இரும்பை இரும்போடு காயமின்றிச் சேர்ப்பவருக்கு எந்த நாட்டிலும் தேவை ஒன்றாகத்தான் இருக்கிறது.

பூட்டி முடித்த பிறகு தங்கை மகள் அந்த அலன் கீ எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். வில்லியம் ஆலன் என்பவரின் நிறுவனம், 1910ல், ஹார்ட்ஃபோர்டில் என்றேன். போப் சைக்கிள் செய்த அதே ஊர். கோல்ட் துப்பாக்கிக்குப் பேர்போன அதே ஊர். பிறகு சைக்கிளைப் படுக்க வைத்து, நடு ஆக்சில் நுழைகிற குழாயின் வாயைக் காட்டினேன். அங்கே காட்டர் பின் இல்லை. ஆக்சிலின் நுனியும் பெடல் கையும் சதுரமாக ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்திருந்தன. அரம் வேண்டிய கடைசி இடமும் போய்விட்டது. ஆனால் அந்தக் குழாயின் உள்மரை மில்லிமீட்டரில் இல்லை. 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. எல்லாம் மெட்ரிக்காக மாறிய சைக்கிளில் இதுவும் பெடல் மரையும் இன்னும் அங்குலத்திலேயே நிற்கின்றன. உலகெங்கும் சைக்கிள் பாகம் விற்பவர்கள் இந்த அளவை இன்றும் பி.எஸ்.ஏ. மரை என்றே எழுதுகிறார்கள்.

அந்தக் குழாயில் திருகி நிற்கும் கப்பைக் கழற்ற ஒரு தனிச் சாவி வேண்டும். இருபது பற்கள் உள்ளது. அதை இப்போதே வாங்க வேண்டியதில்லை, இரண்டு மழைக்காலம் போகட்டும் என்றேன். வலப்பக்கக் கப்பின் மரையும் எதிர்த்திசைதான் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கருவிப் பைக்குள் போட்டு வைத்தாள். "அப்ப டார்க் ரெஞ்ச்?" என்றாள். அதன் கைப்பிடியைக் கீழ் எண்ணுக்குத் திருப்பி வைக்கச் சொன்னேன். இறுக்கிய நிலையிலேயே வைத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, அடுத்த முறை 5 என்று சொல்வது 5 ஆக இருக்காது.